கீரையும் ஆர்ட்டிசோக்கும் சேர்ந்த சூடான டிப்: முதன்முறையாகச் செய்பவர்களுக்கு

அமெரிக்காவுக்கு வந்த புதிதில், அண்டை வீட்டாரோ அலுவலக நண்பர்களோ விருந்துக்கு அழைத்து, "ஏதாவது ஒன்று செய்து எடுத்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டால், என்ன செய்வது என்ற யோசனையிலேயே இரண்டு நாள் போய்விடும். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து பகிர்ந்து உண்ணும் இவ்வழக்கத்துக்குப் பாட்லக் என்று பெயர். நம் வடையையோ பிரியாணியையோ எடுத்துச் செல்வதில் தவறொன்றும் இல்லை. இருந்தாலும், நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்திலும் பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டி நடக்கும் சூப்பர் பவுல் ஞாயிற்றுக்கிழமையிலும் மேசையில் முதலில் காலியாகும் பாத்திரங்களில் ஒன்று, கீரையும் ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டும் சீஸும் சேர்த்து ஓவனில் வேகவைத்து, ரொட்டித் துண்டுகளால் தொட்டுச் சாப்பிட வைக்கப்படும் சூடான டிப்தான். 1990களில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் உணவகங்களால் பரவி, இன்று வீட்டுச் சமையலாகவே ஆகிவிட்ட பண்டம் இது. இறைச்சி இல்லாததால் நம் வீடுகளில் பலருக்கும் ஒத்துப்போகும். ஆனால் சைவர்கள் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு மூன்று உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

செய்முறை எளிது. கலந்து, பரப்பி, ஓவனில் வைப்பதற்கு மேல் பெரிய வேலை எதுவும் இல்லை. கெட்டுப்போவதென்றால் பெரும்பாலும் தண்ணீரால்தான் கெடும். நான் முதன்முறை செய்தபோது, உறைந்த கீரை உருகியதும் அதை அப்படியே கொட்டிக் கலந்துவிட்டேன். ஓவனிலிருந்து எடுக்கும்போது மேலே பொன்னிறமாக அழகாகத்தான் இருந்தது. முதல் கரண்டி எடுத்த இடத்தில் மட்டும், ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியது போல, பச்சைத் தண்ணீர் ஊறி நின்றது. வந்தவர்கள் மரியாதைக்கு ஆளுக்கொரு துண்டு ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு அடுத்த பாத்திரத்துக்கு நகர்ந்தார்கள். கீரையின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

வாங்க வேண்டியவை

பத்துப் பேர் தொட்டுக்கொள்ளும் அளவுக்குப் பின்வரும் கணக்கு சரியாக இருக்கும். உறைந்த நறுக்கிய கீரை 10 அவுன்ஸ் (283 கிராம்) பெட்டி ஒன்று, தண்ணீரில் போட்ட ஆர்ட்டிசோக் 14 அவுன்ஸ் (சுமார் 400 கிராம்) டப்பா ஒன்று, க்ரீம் சீஸ் 8 அவுன்ஸ் (226 கிராம்) கட்டி ஒன்று, சவர் க்ரீம் (புளிக்கவைத்த பாலேடு) அரைக் கோப்பை, மயோனைஸ் கால் கோப்பை, துருவிய பார்மேசன் முக்கால் கோப்பை, துருவிய மொசரெல்லா ஒரு கோப்பை, பூண்டு மூன்று பல், வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, காய்ந்த மிளகாய்ச் செதில் அரைத் தேக்கரண்டி. உப்பை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. பார்மேசனிலும் ஆர்ட்டிசோக் டப்பாவிலும் ஏற்கெனவே உப்பு இருப்பதால், எல்லாவற்றையும் கலந்து ருசி பார்த்த பிறகே தேவையானால் ஒரு சிட்டிகை சேர்க்கலாம்.

க்ரீம் சீஸில் கொழுப்பு குறைத்த வகையை வாங்க வேண்டாம். க்ரீம் சீஸ் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் குறைந்தது 33 விழுக்காடு கொழுப்பு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. கொழுப்பைக் குறைத்தால் அந்த இடத்தைப் பெரும்பாலும் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். கீரையிலிருந்து கை வலிக்கப் பிழிந்து எடுத்த தண்ணீரை இன்னொரு வழியாக உள்ளே விட்டதுபோல் ஆகிவிடும். ரொட்டியில் தடவுவதற்கென்று டப்பாவில் வரும் மென்மையான க்ரீம் சீஸையும் விட்டுவிட்டு, அட்டைப் பெட்டியில் வரும் கட்டியையே வாங்குங்கள். மொசரெல்லாவைக் கட்டியாக வாங்கி வீட்டில் துருவிக்கொள்வது நல்லது. பையில் துருவி விற்கப்படும் சீஸில், இழைகள் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். அது அவ்வளவு சீராக உருகாது. நேரமில்லாவிட்டால் பையில் வருவதையே போடலாம், குடி முழுகிவிடாது.

கீரையின் பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அகராதியில் ஸ்பினச் என்பதற்குப் பசலைக்கீரை என்று போட்டிருப்பதைப் பார்த்து, நம்மூர்க் கடையில் கொடிப்பசலையை வாங்கிவிடாதீர்கள். வெந்தால் வழவழப்பு விடும் அந்தக் கீரை இந்தப் பண்டத்துக்குப் பொருந்தாது. பாலக் என்று விற்கப்படுவதை வாங்கலாம். தாவரவியல்படி அது பீட்ரூட்டின் உறவு என்றாலும், வெந்து பிழிந்த பிறகு ஸ்பினச்சுக்கு நிகராகவே நடந்துகொள்ளும். உறைந்த பெட்டி கிடைக்காதவர்கள், ஆய்ந்து கழுவிய கீரை ஏறத்தாழ 450 கிராம் எடுத்து, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துக் குளிர்ந்த நீரில் அலசிக்கொள்ளலாம்.

ஆர்ட்டிசோக்கைப் பார்த்திராதவர்கள் வாழைப்பூவை நினைத்துக்கொண்டால் போதும். இதுவும் விரியாத மொட்டுதான். முட்செடி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் மொட்டு. மடல் மடலாக உரித்துக்கொண்டே போனால் நடுவில் மென்மையான பகுதி வரும், நறுக்கி வைத்தால் கறுத்துப் போகும். வாழைப்பூவை நாம் மோரில் போடுவதுபோல் அவர்கள் இதை எலுமிச்சை பிழிந்த நீரில் போடுவார்கள். அமெரிக்காவில் வணிகத்துக்காக விளையும் ஆர்ட்டிசோக் ஏறக்குறைய முழுவதும் கலிஃபோர்னியாவிலிருந்து வருகிறது. அங்கே காஸ்ட்ரோவில் என்ற சிற்றூரின் தெருவுக்குக் குறுக்கே, உலக ஆர்ட்டிசோக்கின் மையம் என்று எழுதிய பலகையே தொங்குகிறது. டிப் செய்வதற்குப் புதிய மொட்டு வாங்கி உரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, டப்பாவே போதும். தண்ணீரில் போட்டதா, எண்ணெயும் வினிகரும் சேர்த்து ஊறவைத்ததா என்பதை மட்டும் படித்துப் பாருங்கள். ஊறவைத்த வகையின் புளிப்பு கீரையின் சுவையை அமுக்கிவிடும்.

பிழிவது

கீரைப் பெட்டியை முந்தைய இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், ஒரு கிண்ணத்துக்குள் வைத்துவிடுங்கள். அவசரமென்றால் மைக்ரோவேவில் மூன்று நான்கு நிமிடம் போதும், ஆனால் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே தொட வேண்டும். உருகிய கீரையை மெல்லிய பருத்தித் துணியின் நடுவில் குவித்து, நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்து முறுக்குங்கள். என் வீட்டில் இதற்கென்றே பழைய வேட்டியில் கிழித்த துண்டு ஒன்று இருக்கிறது. முதல் முறுக்கில் தண்ணீர் தாரையாகக் கொட்டும், பிறகு சொட்டும், பிறகு நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. துணியைப் பிரித்துக் கீரையை உதிர்த்து, திரும்பக் குவித்து இன்னொரு முறை முறுக்கினால், முதலில் வந்ததில் கால் பங்காவது மறுபடியும் வரும். பிழிந்து முடித்த கீரை, கையில் உருட்டினால் கொழுக்கட்டை மாவுபோல் நிற்க வேண்டும். அழுத்தினால் விரலிடுக்கில் ஈரம் கசியக் கூடாது. பெட்டியில் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். ஏமாற்றிவிட்டார்களோ என்று தோன்றும் அளவுக்குச் சிறிய உருண்டையாக இருந்தால் சரியாகப் பிழிந்திருக்கிறீர்கள் என்று பொருள். வெளியேறும் பச்சைத் தண்ணீரைக் கொட்டிவிட மனம் வராவிட்டால் பருப்பு வேகவைக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

ஆர்ட்டிசோக்கையும் வடித்துவிட்டு, குளிர்ந்த நீரில் ஒரு முறை அலசி, உள்ளங்கையில் வைத்து மெதுவாக அழுத்தி, காகிதத் துண்டில் பரப்பி ஒற்றி எடுங்கள். இதை வேட்டித் துணியில் போட்டு முறுக்கினால் கூழாகிவிடும். பிறகு சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். நறுக்கும்போது நுனியில் நார் தட்டுப்படும் மடல்கள் சில இருக்கும். அவற்றைத் தயங்காமல் வெட்டி எறிந்துவிடுங்கள். மிருதுவான டிப்பை வாயில் போட்டவருக்கு நார் பல்லில் மாட்டினால் அதைவிட எரிச்சல் வேறில்லை. சிலர் மிக்ஸியில் ஒரு சுற்று விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கங்கே ஒரு துண்டு கடிபடுவதில்தான் இதன் ருசி இருக்கிறது.

கலப்பது

க்ரீம் சீஸை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த கட்டியை எவ்வளவு அடித்துக் கலந்தாலும் வெள்ளை வெள்ளையாகத் திப்பிகள் நிற்கும், ஓவனுக்குள் போனாலும் அவை முழுமையாகக் கரைவதில்லை. விரலால் அழுத்தினால் வெண்ணெய்போல் பள்ளம் விழும் நிலைக்கு வந்ததும், முதலில் அதைத் தனியாக மரக்கரண்டியால் குழைத்து, பிறகு சவர் க்ரீமையும் மயோனைஸையும் சேர்த்துத் தோசை மாவுபோல் சீராக்குங்கள்.

பூண்டை பச்சையாகச் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் பல உண்டு. இருபத்தைந்து நிமிடம் ஓவனில் இருந்தாலும், சீஸுக்கு நடுவே பொதிந்திருக்கும் பூண்டின் காரம் முழுவதும் அடங்காது. ஆகையால் சிறிய வாணலியில் வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய பூண்டைக் குறைந்த தீயில், நிறம் மாறாமல், மணம் வரும்வரை ஒரு நிமிடம் வதக்கி, அந்த வெண்ணெயோடு கலவையில் ஊற்றுங்கள். அடுத்து மிளகுத்தூள், மிளகாய்ச் செதில், பார்மேசன் முழுவதும், மொசரெல்லாவில் முக்கால் பங்கு ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்குங்கள். கீரையும் ஆர்ட்டிசோக்கும் கடைசியில்தான் வர வேண்டும். பிழிந்த கீரை உருண்டையை விரலால் நன்றாக உதிர்த்துத் தூவாவிட்டால், ஒருவர் தட்டில் வெறும் கீரையும் இன்னொருவர் தட்டில் வெறும் சீஸும் விழும். உப்புப் பார்ப்பதற்கு இதுவே தருணம்.

இங்கே சைவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியிலிருந்து வரும் அசல் பார்மேசனான பார்மிஜானோ ரெஜானோ, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதியைப் பாலில் சேர்த்தே உறையவைக்கப்படுகிறது. அதன் விதியே அதுதான். எனவே நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட் என்றோ சைவர்களுக்கு ஏற்றது என்றோ உறையில் குறிப்பிட்டிருக்கும் பார்மேசனைத் தேடி வாங்குங்கள். மயோனைஸில் முட்டை இருக்கும். வேண்டாதவர்கள் அதை விட்டுவிட்டு அதே அளவு சவர் க்ரீமைக் கூட்டிக்கொள்ளலாம். சவர் க்ரீமிலும் சில நிறுவனங்கள் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைச் சேர்ப்பதால் உறையைப் படிப்பது நல்லது. விருந்துக்கு எடுத்துச் செல்லும்போது பால், முட்டை, கோதுமை இருக்கின்றன என்று ஒரு சிறிய அட்டையில் எழுதிப் பாத்திரத்தின் அருகில் வைத்துவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்கும் சங்கடம் அவர்களுக்கும் இராது, உங்களுக்கும் இராது.

ஓவனில் வைப்பது

ஓவனை 375 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (190 டிகிரி செல்சியஸ்) முன்கூட்டியே சூடாக்குங்கள். 9 அங்குல அகலமுள்ள பீங்கான் பாத்திரமோ அதே அளவு வார்ப்பிரும்பு வாணலியோ பொருத்தமாக இருக்கும். வார்ப்பிரும்பு, வெளியே எடுத்த பிறகும் நெடுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால், மேசையில் வைத்துப் பரிமாறும் பண்டத்துக்கு அதுவே என் தேர்வு. கலவையைச் சமமாகப் பரப்பி, மீதி மொசரெல்லாவை மேலே தூவி, மூடாமல் நடுத்தட்டில் வையுங்கள். மூடினால் நீராவி மேலே மோதித் திரும்பவும் உள்ளேயே சொட்டும்.

இருபது நிமிடத்துக்குப் பிறகு கண்ணாடி வழியாகப் பாருங்கள். முதலில் ஓரத்தில் மட்டும் சிறு குமிழிகள் வரும். அவை பெருகிப் பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றி வளையமாகக் கொதிக்கும்போது நடு இன்னும் அசையாமல் இருக்கும். நடுவிலும் ஒன்றிரண்டு குமிழி எழுந்து மெதுவாக வெடிக்கத் தொடங்கினால் எடுத்துவிடலாம். இதற்குச் சுமார் இருபத்தைந்து நிமிடம் ஆகும். மேலே இன்னும் நிறம் வேண்டுமானால் பிராய்லரை, அதாவது ஓவனின் மேற்புறச் சூட்டை மட்டும், ஒன்று அல்லது இரண்டு நிமிடம் போட்டு, ஓவன் அருகிலேயே நில்லுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் தொலைபேசியை எடுத்தவர்கள் கரிந்த டிப்பைத்தான் கண்டிருக்கிறார்கள். கண்ணாடிப் பாத்திரத்தைப் பிராய்லருக்குக் கீழே வைக்கவே கூடாது, வெடித்துவிடும்.

நேரம் கடந்துவிட்டால் சீஸிலிருந்து கொழுப்பு பிரிந்து மேலே மஞ்சள் எண்ணெயாக மிதக்கும். பயப்பட வேண்டாம், மேலாக இருப்பதைக் கரண்டியால் வழித்துவிட்டு, வெதுவெதுப்பான பால் ஒன்றிரண்டு கரண்டி ஊற்றி நன்றாகக் கிளறினால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். மேற்புறத்தின் அழகு போய்விடும், ருசி போகாது.

ரொட்டி

சாண்ட்விச்சுக்கு வாங்கும் மெத்தென்ற பிரெட் இதற்கு உதவாது. கனமான டிப்பில் தோய்த்துத் தூக்கும்போது பாதி உள்ளேயே அறுந்து விழும். மேலோடு மொறுமொறுப்பாகவும் உள்ளே அடர்த்தியாகவும் இருக்கும் பகெட்டோ (நீளமான பிரெஞ்சு ரொட்டி) சவர்டோவோ (புளித்த மாவில் செய்த ரொட்டி) வாங்குங்கள். பகெட்டை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் சற்றுச் சாய்வாக வெட்டினால் தோய்ப்பதற்குப் பரப்பு கூடும். இருபுறமும் ஆலிவ் எண்ணெயை லேசாகத் தடவி, 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (சுமார் 200 டிகிரி செல்சியஸ்) எட்டு முதல் பத்து நிமிடம், ஓரம் சிவக்கும்வரை வாட்டுங்கள். நடுப்பகுதி கொஞ்சம் மிருதுவாகவே இருக்கட்டும். ரஸ்க்போல் ஆகிவிட்டால் தோய்க்கும்போது உடைந்து சிதறும். சூடாக இருக்கும்போதே உரித்த பூண்டுப் பல்லை மேலே ஒரு இழுப்பு இழுத்தால், ரொட்டியே தனியாகச் சாப்பிடத் தோன்றும்.

உருண்டையான சவர்டோ ரொட்டியைக் குடைந்து, அதையே கிண்ணமாக்கி டிப்பை ஊற்றித் தருவதும் உண்டு, பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள். இதற்கு ஒன்றரைப் பவுண்டு (680 கிராம்) எடையுள்ள ரொட்டி வேண்டும். மேலே மூடிபோல் வட்டமாக வெட்டியெடுத்து, சுவரும் அடியும் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குக் குறையாமல் விட்டு, உள்ளிருப்பதை விரலால் பிய்த்து எடுங்கள். பிய்த்த துண்டுகளையும் எண்ணெய் தடவி வாட்டித் தோய்க்க வைத்துக்கொள்ளலாம். வேகாத டிப்பை ரொட்டிக்குள் நிரப்பி ஒன்றாக ஓவனில் வைக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் நடு சூடாவதற்குள் ரொட்டியின் மேல் விளிம்பு கருகுவதையும், அடி ஊறுவதையும் இரண்டு மூன்று முறை பார்த்த பிறகு நான் அந்த வழியை விட்டுவிட்டேன். வெற்று ரொட்டிக் கிண்ணத்தைத் தனியாகப் பத்து நிமிடம் வாட்டி உட்புறத்தை உலர்த்தி, வேறு பாத்திரத்தில் வெந்த டிப்பைப் பரிமாறும் நேரத்தில் உள்ளே வழித்து ஊற்றினால், விருந்து முடியும்வரை கிண்ணம் நிற்கும்.

தமிழ்நாட்டில் செய்பவர்களுக்கு

ஆர்ட்டிசோக் டப்பா பெருநகரங்களின் பெரிய கடைகளில் அரிதாகக் கிடைக்கும், விலையும் கூடுதல். அதற்குப் பதில் வேகவைத்த இனிப்புச் சோளமோ, ஈரம் வற்றும்வரை வதக்கிய காளானோ சேர்க்கலாம். வேறு பண்டம் ஆகிவிடும் என்றாலும் நல்ல பண்டமாகவே ஆகும். சவர் க்ரீமுக்குப் பதில், துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிரைப் பயன்படுத்துங்கள். சூட்டில் திரியாமலிருக்க அதில் ஒரு தேக்கரண்டி சோளமாவைக் கலந்துகொள்ள வேண்டும். ஓடிஜி அடுப்பில் மேலும் கீழும் இரண்டு கம்பிகளும் எரியட்டும். ஓவனே இல்லாதவர்கள், கனமான வாணலியில் மிகக் குறைந்த தீயில் இரண்டு கரண்டி பாலோடு கலவையைக் கிளறிச் சூடாக்கி, மொசரெல்லா உருகியதும் இறக்கிவிடலாம்; பொன்னிற மேலோடு மட்டும் கிடைக்காது. பகெட்டுக்கு அலைய வேண்டியதில்லாத ஊர் புதுச்சேரி, அங்குள்ள பேக்கரிகளில் காலையிலேயே கிடைக்கும்.

எடுத்துச் செல்வதும் மிஞ்சுவதும்

முந்தைய நாளே எல்லாவற்றையும் கலந்து பாத்திரத்தில் பரப்பி, மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். மறுநாள் ஓவன் நேரத்தோடு பத்துப் பதினைந்து நிமிடத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடிப் பாத்திரமானால் குளிர்பெட்டியிலிருந்து நேரே சூடான ஓவனுக்குள் வைக்காமல், அரை மணி நேரம் வெளியில் வைத்துக் குளிர் விட்ட பிறகே வையுங்கள். தொலைவில் விருந்து என்றால், பச்சையாகவே கொண்டுபோய் அவர்கள் வீட்டு ஓவனில் வேகவைப்பது மிகவும் நல்லது. முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் யாரும் மறுப்பதில்லை. ஓவன் காலியாக இராது என்றால், வெந்த டிப்பை மின்சார ஸ்லோ குக்கரில் மாற்றி, சூட்டைக் காக்கும் நிலையில் வைத்து மேசையிலேயே விட்டுவிடலாம்.

ஸ்லோ குக்கர் இல்லாமல் வெளியே வைக்கும்போது இரண்டு மணி நேரக் கணக்கை மறக்கக் கூடாது. 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடைப்பட்ட சூட்டில் பால் பண்டங்களில் கிருமிகள் விரைந்து பெருகும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படி இருந்ததைத் தூக்கி எறியச் சொல்கிறது அமெரிக்க வேளாண்துறை. வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான். அதனால் பெரிய கூட்டத்துக்கு ஒரே பாத்திரமாக வைக்காமல் இரண்டாகப் பிரித்து, முதலாவது தீரும்போது இரண்டாவதை ஓவனிலிருந்து எடுத்தால் கடைசியாக வருபவருக்கும் சூடாகக் கிடைக்கும்.

மிஞ்சியதை உடனே மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் இருக்கும். மறுபடி சூடாக்கும்போது ஒரு கரண்டி பால் விட்டு, ஆவி பறக்கும்வரை, அதாவது 74 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை பெரும்பாலும் வருவதில்லை. மறுநாள் காலையில் முறுகலாக ஊற்றிய தோசையின் நடுவில் இரண்டு கரண்டி தடவி, மடித்து, கல்லில் ஒரு நிமிடம் கூடுதலாக விட்டு எடுத்தாலே பாத்திரம் காலியாகிவிடும்.